ஒரே பீடம், நடுவில் சுவர்

கேள்வி: தேர்தல் வந்தால் எங்கள் சபைக்குள்ளும் கட்சியும் சாதியும் புகுந்துவிடுகின்றன. ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்கள் தெருவில் முகம் கொடுப்பதில்லை. விசுவாசி என்ன செய்வது?
- ஒரு வாசகர், கீரமங்கலம்

பதில்: கட்சியையும் சாதியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது அவரவர் உரிமை. பிரசங்க மேடையில் கட்சிப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டால் போதும், சூடு தானாகத் தணியும். சாதி அப்படி அல்ல. அது தேர்தல் கொண்டுவந்த வியாதியும் அல்ல.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்! வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கோயிலுக்குப் பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு, நடுவில் சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். பார்த்தவர்கள் கால்சட்டைக் கோயில் என்றார்கள். 1910வாக்கில் தடுப்புச் சுவரை இடித்ததும் ஒரு தரப்பு கோர்ட்டுக்குப் போனது; உயர் நீதிமன்றத்தில் வழக்கு நிற்கவில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 மார்ச்சில் எறையூரில் சாதியின் பெயரால் மோதிக்கொண்ட இரு தரப்பும் கிறிஸ்தவர்கள்தான். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

உங்கள் கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை இருக்கிறதா, திருவிழாத் தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா என்று பாருங்கள். தனி வரிசை இருந்தாலோ, தேர் போகாத தெரு இருந்தாலோ, அடுத்த சபைக் கூட்டத்தில், தேர்தலுக்குக் காத்திராமல், எழுந்து கேளுங்கள்.