மாளிகை கலைக்கூடமானது: மாணிக்கவேலு மாளிகை தரும் பாடம்

நமது பெருநகரங்களின் மையப் பகுதிகளில் பழைய மாளிகைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. நிலத்தின் மதிப்பு உயர்வது, குடும்பச் சொத்து பங்கிடப்படுவது, பராமரிப்புச் செலவு பெருகுவது ஆகியவை இதற்குக் காரணங்கள். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட, குறைந்தது 100 ஆண்டுகள் பழமையான சின்னங்களுக்கே பாதுகாப்பு அளிக்கிறது. செல்வந்தர்களின் இல்லங்கள் பெரும்பாலும் அதன் வரம்புக்குள் வருவதில்லை. அவற்றைக் காக்கும் வழிகளுள் முக்கியமானது, தக்கதொரு பொதுப் பயன்பாட்டை அளிப்பதாகும். பெங்களூர் அரண்மனைச் சாலையிலுள்ள மாணிக்கவேலு மாளிகை இதற்குச் சிறந்த சான்று.

கைமாறிய வரலாறு

மைசூர் அரச குடும்பத்தாரிடமிருந்து வாங்கப்பட்டதாகக் கூறப்படும் இம்மாளிகை, சுரங்கத் தொழிலில் பொருள் ஈட்டிய மாணிக்கவேலு முதலியாரின் இல்லமாக விளங்கியது. 1960களில் இது நகர மேம்பாட்டு வாரியத்தின் வசமாகி, பின்னர் வீட்டுவசதி வாரியத்துக்கு மாற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மத்திய கலாச்சார அமைச்சகம் இதனைக் குத்தகைக்குப் பெற்றது. 2009 பிப்ரவரி 18 அன்று தேசிய நவீன கலைக்கூடத்தின் பெங்களூர்க் கிளை இங்கு தொடங்கப்பட்டது.

பழைய கட்டடத்தில் கலைக்கூடம் அமைப்பது இந்நிறுவனத்துக்குப் புதிதன்று. 1954இல் புதுதில்லியில் ஜெய்ப்பூர் அரசரின் இல்லமான ஜெய்ப்பூர் மாளிகையிலும், 1996இல் மும்பையில் கோவாஸ்ஜி ஜஹாங்கீர் பொது மண்டபத்திலும் அதன் கூடங்கள் திறக்கப்பட்டன.

பழமையும் புதுமையும்

வீடு வேறு, கலைக்கூடம் வேறு. வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் தேவை. ஓவியத்துக்கோ மிகுந்த ஒளியும் மாறிக்கொண்டேயிருக்கும் ஈரப்பதமும் பகை. தாளில் வரையப்பட்ட படைப்புகளுக்குச் சுமார் 50 லக்ஸ் ஒளியே போதுமானது என்பது அருங்காட்சியக நடைமுறை. இத்தேவைகள் அனைத்தையும் பழைய வீட்டின் மீதே சுமத்தினால், சன்னல்களை அடைக்கவும் சுவர்களை இடிக்கவும் நேரிடும். அவ்வாறு செய்தால் மாளிகை பெயரளவிலேயே எஞ்சும்.

பெங்களூரில் பின்பற்றப்பட்ட வழி வேறு. சுமார் மூன்றரை ஏக்கர் வளாகத்தில் மாளிகை புதுப்பிக்கப்பட்டதுடன், 1,260 சதுர மீட்டர் பரப்புள்ள புதிய காட்சிக்கூடமும் கட்டப்பட்டு அதனுடன் இணைக்கப்பட்டது. கலையரங்கம், நூலகம், சிற்றுண்டிச்சாலை ஆகியவையும் வளாகத்தில் இடம்பெற்றன. இதனால் வீடு வீடாகவே தோற்றமளிக்கிறது. அதனால் தாங்க இயலாத பணிகளைப் புதிய கட்டடம் ஏற்கிறது.

அதிகாரிகள் கருத வேண்டியவை

இத்தகைய திட்டங்களில் மூன்று செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, உரிமை. கட்டடம் ஒரு வாரியத்திடமும் பயன்பாடு வேறொரு துறையிடமும் இருக்கும்போது, குத்தகை நிபந்தனைகளும் பராமரிப்புப் பொறுப்பும் தொடக்கத்திலேயே தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். இரண்டாவது, பழுதுபார்க்கும் முறை. சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்ட சுவர்கள் ஈரத்தை வெளியேற்றும் தன்மையுடையவை; அவற்றின் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் பழுதடையும். எனவே, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்களின் திறன் பேணப்படுதல் அவசியமாகும். மூன்றாவது, காலமும் நிதியும். பெங்களூரில் குத்தகைக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. திறப்பு விழாவோடு செலவு முடிந்துவிடுவதுமில்லை. ஆண்டுதோறும் பராமரிப்புக்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும்.

ஒரு குடும்பம் மட்டுமே புழங்கிய கூடங்களில் இன்று மாணவர்கள் நம் நாட்டு ஓவியர்களின் படைப்புகளை நேரில் கண்டு கற்கின்றனர். பழைய கட்டடத்தைக் காப்பது கடந்த காலத்துக்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று. இடநெருக்கடி மிகுந்த நகரில் பொதுமக்களுக்கெனக் கலைக்கும் கல்விக்கும் ஓரிடத்தை உறுதி செய்யும் வளர்ச்சிப் பணியுமாகும்.