அண்ணமும் பேச்சும்



நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்து மெதுவாக உள்ளே இழுத்துப் பாருங்கள். முதலில் ஒரு மேடு, பிறகு குழிந்த கூரை, அதற்கும் உள்ளே மெத்தென்ற சதை. இதுதான் அண்ணம். 'ட' சொல்ல நாக்கு நுனி இதைத் தொட வேண்டும், 'க' சொல்ல அடிநாக்கு தொட வேண்டும். தொல்காப்பியத்திலேயே இதைச் சொல்லி இருக்கிறது.

அண்ணம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு உயர்ந்திருக்கும், சிலருக்குத் தட்டை. உயரமான கூரையைத் தொட நாக்கு கூடுதலாக எழும்ப வேண்டும், தாடையும் கூடவே எழும்பி உதவும். தட்டையானதில் நாக்கு கொஞ்சம் விலகினாலும் சத்தம் மாறிப்போகும், ஆகவே நாக்கு அளவாக அசையப் பழகிக்கொள்ளும். பிள்ளை தன் காதால் கேட்டுக் கேட்டே இதைச் சரி செய்துகொள்கிறது. இதற்குப் பயப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது பிளவு. உலகத்தில் ஏறக்குறைய 700 பிள்ளைகளில் ஒன்றுக்கு உதடோ அண்ணமோ பிளந்திருக்கிறது. கர்ப்பத்தில் மூன்றாம் மாதத்துக்குள் அண்ணத்தின் இரண்டு பக்கமும் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பிளவு. "கிரகணத்திலே கத்தியைத் தொட்டா, அதுதான்" என்று தாயைப் பழி சொல்வது லயத்துப் பேச்சு. அதில் துளியும் உண்மை இல்லை.

உதட்டுப் பிளவு கண்ணுக்குத் தெரியும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். பால் மூக்கால் வந்தால் உடனே பாருங்கள். தலையை உயர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள்.

'ப', 'ட', 'க' எல்லாம் காற்றை வாய்க்குள் அடைத்து விடுகிற எழுத்துகள். கூரை பிளந்திருந்தால் காற்று மூக்கால் போய்விடும். 'ம', 'ந' மட்டும் வரும். பிள்ளை "பாப்பா" என்று சொன்னாலும் நமக்கு "மாமா" என்றுதான் கேட்கும். பாவம், அது தொண்டையால் சத்தம் போட்டுச் சமாளிக்கப் பார்க்கும். அது பழகிவிட்டால், பிறகு பிளவை மூடினாலும் நாக்கு பழைய பழக்கத்தை விடாது. அதனால்தான் டாக்டர்மார் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடப் பார்க்கிறார்கள். பிறகு பேச்சுப் பயிற்சியும் வேண்டும். காதையும் சோதிக்க வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் தேங்கிக் கேட்பது குறையலாம்.

பேராதனை பல் ஆஸ்பத்திரியில் இந்த ஒப்பரேஷன் செய்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு வாங்குவதில்லை. நாள் குறித்துக் கொடுத்தால், பேர் போகுதே என்று தள்ளிப்போடாதீங்க. போகும்போது கிளினிக் அட்டையையும் கையோடு கொண்டு போங்க.