கருவியும் கையும்

முற்காலத்துத் தச்சன் மண்வெட்டிக்குப் பிடியிடும்போது, அதனை ஏந்துவோனின் உயரத்தையும் கையின் நீளத்தையும் நோக்கியே மரத்தைச் சீவினான். செய்வோனும் கொள்வோனும் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. தொழிற்சாலைகள் பெருகியபின், முகமறியாப் பல்லாயிரவர்க்கு ஒரே அளவிற் பொருள்கள் செய்யப்படலாயின. பொருந்தாத கருவிக்காக மனிதன் தன் உடலை வளைக்க நேர்ந்தது. இக்குறையை நீக்க முயலும் அறிவுத்துறையே பணிச்சூழலியல். வேலை, விதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 'எர்கொனொமிக்ஸ்' என்னும் பெயரை 1857ஆம் ஆண்டில் வழங்கியவர் போலந்து அறிஞர் யஸ்ட்ஷெம்பொவ்ஸ்கி ஆவர்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில, நலமே தரையிறங்கிய பின்னரும் சில்லுகள் மடிந்து ஓடுபாதையில் வீழ்ந்தன. விமானியின் தவறென்றே அதனைக் கூறினர். உளநூலறிஞர் அல்போன்ஸ் சபானிஸ் விமானியறையை ஆராய்ந்தார். சில்லை இயக்கும் ஆளியும், சிறகின் மடலை இயக்கும் ஆளியும் ஒரே உருவின; அருகருகே இருந்தன. களைத்த கை ஒன்றை மற்றொன்றென மயங்கியது. அவர் விமானியைத் திருத்த முயலாது ஆளியையே திருத்தினார். ஒன்றன் முனையில் சில்லின் உருவும், மற்றதில் ஆப்பின் உருவும் அமைந்தன. கண் காணாவிடினும் கை அறிந்துகொண்டது.

சராசரி அளவிற் செய்தால் யாவர்க்கும் பொருந்துமன்றோ எனின், பொருந்தாது. கில்பேர்ட் டானியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் உடலளவுகளை ஆராய்ந்து 1952இல் முடிவுகளை வெளியிட்டார். பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டியிருந்தவர் ஒருவரேனும் இலர். ஆதலின், அவரவர்க்கேற்ப நகர்த்தி அமைக்கத்தக்க ஆசனமே சிறந்ததென்பது பெறப்படும்.

இவற்றைக் கற்குமுன் யான் இழைத்த பிழையொன்றை ஈண்டு உரைத்தல் தகும். ஆறாந் தரத்து மாணவன் ஒருவன் வாங்கின் நுனியில் நெளிந்தவண்ணமே இருப்பான்; எழுத்தும் கோணும். பலமுறை கடிந்தேன். ஒருநாள் குனிந்து நோக்கியபோது, அவன் பாதங்கள் நிலத்தைத் தொடாது தொங்கக் கண்டேன். ஒரு பலகைத் துண்டைக் காலடியில் வைத்தேன். நெளிதல் நின்றது, எழுத்தும் நாளடைவில் நேராயிற்று. குற்றம் வாங்கினது, வசை அவனது!

மாணவர்காள்! நுங்கள் வகுப்பிலேயே இதனைச் சோதிக்கலாம். சப்பாத்துடன் ஒருவரை அமர்த்தி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து நிலம்வரை அளவுநாடாவால் அளமின். வாங்கின் உயரத்தையும் அளமின். வாங்கு 43 சதமமீற்றரும் கால் 36 சதமமீற்றருமாயின், பாதம் 7 சதமமீற்றர் தொங்கும். அந்த உயரத்துக்கு ஒரு கால்மணை வேண்டும். முழங்கையை மடித்தால் மேசையின் மேற்பரப்பு அதற்கு ஏறக்குறைய நேராக நிற்கின்றதா எனவும் நோக்குமின். பின்னர் மட்டையால் ஒரு மாதிரி செய்து, அமர்பவனிடமே கேட்டுத் திருத்துமின். நோக்கல், அளத்தல், செய்தல், கேட்டுத் திருத்தல் என்னும் இந்நான்குமே மனிதமைய வடிவமைப்பின் படிகளாம்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பொறியியலாளரும் அதிபரும் பலர் உளர். பாடசாலைக்குத் தளபாடம் வழங்க முன்வருவோர், பட்டியலை எழுதுமுன் பிள்ளைகளின் கால்களை அளப்பாராக.