நார்ச்சத்தும் குடல் நுண்ணுயிரிகளும்

சிதம்பரத்துக் கொத்சுவில் மசிந்திருக்கும் கத்தரிக்காயின் ஒரு பகுதியை நம் உடலால் தானாகச் செரிக்க இயலாது. தாவரச் செல்சுவரில் உள்ள செல்லுலோஸ், பெக்டின் முதலிய நார்ப்பொருள்களை உடைக்கும் நொதிகள் நமக்குச் சுரப்பதில்லை. அவை சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகின்றன. அவ்வாறாயின், நார்ச்சத்து வெறும் சக்கையா?

அன்று. பெருங்குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு அதுவே உணவு. ஒரு வகை பாக்டீரியா நாரை உடைக்க, வேறொரு வகை அதில் கிடைத்ததை உண்டு நொதிக்கச் செய்கிறது. முடிவில் அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலங்களும் வாயுவும் உண்டாகின்றன. பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். இவ்வமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியமும், அதனைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் மீள்கின்றன.

நீரை மீட்கும் இந்த ஆற்றல் நோயாளிக்கு உதவுமா? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் இதனை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழக்கமான ஓ.ஆர்.எஸ். கரைசல் மட்டும் பெற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு சராசரியாக 90.9 மணி நேரம் நீடித்தது. சிறுகுடலில் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை லிட்டருக்கு 50 கிராம் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 56.7 மணி நேரமாகக் குறைந்தது. நாரைப் போலவே அம்மாவுச்சத்தும் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது.

நோயாளியைக் கவனிப்போர் அறிய வேண்டியவை:

1. வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். தாமாக மாவு எதனையும் சேர்த்தலாகாது. சிறுநீர் குறைதல், கண்கள் குழிவிழுதல், சோர்ந்து மயங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருக.

2. நலமாக இருக்கும் நாள்களில் கீரை, அவரை, முழுப்பயறு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். போதிய நீர் அருந்தாவிடில் மலம் இறுகும்.

3. சிறுநீரக நோயுள்ளோர்க்குக் கீரையிலும் பண்ருட்டிப் பலாவிலும் உள்ள பொட்டாசியம் தீங்கு செய்யக்கூடும். அவர்களும், குடல் அறுவை செய்துகொண்டோரும், நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டோரும் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.

4. ஆன்டிபயாடிக் மருந்துகள் பயன்தரும் பாக்டீரியாக்களையும் அழிக்கும். மருத்துவர் எழுதித் தராமல் அவற்றை வாங்கி உட்கொள்ளற்க. எழுதித் தந்தவற்றை இடையில் நிறுத்தற்க.

நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் அவற்றுக்கும் ஒரு பங்குண்டு. அப்பங்கினை நாள்தோறும் அளிப்பது நம் குடலுக்கு நாமே செய்யும் பராமரிப்பு.