இசை வகுப்பு கணக்கு மார்க்கைக் கூட்டுமா?

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வாரத்துக்கு ஒரு முறை வரும் இசைக்கல்வி நேரத்தில் பெரும்பாலும் கணிதப் பயிற்சிதான் நடக்கிறது என்கிறான். கீபோர்டு வகுப்பில் சேர்த்தால் மூளை நன்றாக வேலை செய்யும், கணக்கில் கெட்டிக்காரன் ஆவான் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். என் கணவரோ, டியூஷனுக்கே இவ்வளவு செலவாகிறது, இதில் பாட்டு வேறு எதற்கு என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, சுபாங் ஜெயா

பதில்: மகனுக்கு இசை கற்றுக்கொடுங்கள், அம்மா. ஆனால் கணக்கில் மார்க் கூடும் என்று எதிர்பார்த்துச் சேர்க்காதீர்கள். இசை கேட்டால் அறிவு வளரும் என்ற பேச்சு, 1993இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்விலிருந்து பரவியது. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் மொஸார்ட் இசையைக் கேட்ட பிறகு ஒருவகைப் புதிர்களில் அவர்கள் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலன் மறைந்துவிட்டது. குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் முக்கியமானது, கனடாவில் க்ளென் ஷெலன்பர்க் 2004இல் வெளியிட்டது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரில் சிலருக்குக் கீபோர்டும் சிலருக்குப் பாட்டும் சிலருக்கு நாடகமும் கற்றுக்கொடுத்தார்கள். மீதிப் பிள்ளைகளுக்கு எந்த வகுப்பும் இல்லை. இசை கற்றவர்களின் நுண்ணறிவு அளவு சராசரியாக 7 புள்ளி உயர்ந்தது, மற்றவர்களுக்கு 4.3. இடைவெளி மூன்று புள்ளிகூட இல்லை. 2020இல் சாலா, கோபே என்ற இரு ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளை, ஏறக்குறைய 7,000 பிள்ளைகளின் முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கட்டுப்பாடு மிகுந்த, தரமான ஆய்வுகளை மட்டும் கணக்கில் எடுத்தபோது, படிப்பிலும் நினைவாற்றலிலும் இசையால் வந்த கூடுதல் பலன் ஏறக்குறைய இல்லை என்றே ஆனது.

அப்படியானால் உங்கள் கணவர் சொல்வது சரிதானே என்று தோன்றலாம். நான் சொல்ல வருவது அதற்கு நேர்மாறானது. இசையைக் கணக்குக்கு எடுபிடியாக வைத்ததால்தான் அதன் நேரம் பறிபோகிறது. கணக்குக்காகத்தான் பாட்டு என்றால், பாட்டை விட்டுவிட்டு நேரடியாகக் கணக்கையே நடத்தலாமே என்று ஓர் ஆசிரியர் நினைப்பதில் என்ன தவறு? உடற்பயிற்சி செய்தால் அறிவியலில் மார்க் கூடுமா என்று யாரும் கேட்பதில்லை. உடம்புக்கு நல்லது என்பதே போதுமான காரணமாக இருக்கிறது. இசை கொடுக்கும் பலனையும் இசைக்குள்ளேயேதான் தேட வேண்டும்.

முப்பது பிள்ளைகள் கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை ஆதி தாளத்தில் பாடும் வகுப்பைக் கவனித்துப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இருமுறை தட்டி வீசுதல், மொத்தம் எட்டு. முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்துக்குப் போகும்போது கை அதே நிதானத்தில் போக வேண்டும், வாய் மட்டும் இரண்டு சுரம் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் கையும் சேர்ந்து ஓடும். பக்கத்தில் இருப்பவனின் தட்டைக் கேட்டுத் தன் கையை அடக்கப் பழகும் அந்தச் சில வாரங்களில், பிள்ளை மற்றவர்களுக்குக் காதுகொடுத்துத் தன் வேகத்தைத் திருத்திக்கொள்ளப் பழகுகிறான். யாரையும் முந்தாமல், யாருக்கும் பின்தங்காமல், ஒரே சுருதியில் முப்பது பேரோடு சேர்ந்து நிற்பதை வேறு எந்தப் பாடமும் இப்படி உடம்பிலேயே பதிய வைப்பதில்லை. இந்தத் திறமைக்கு மார்க் சீட்டில் இடமில்லை என்பதற்காக அது சின்னத் திறமை ஆகிவிடாது.

இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. சுருதியையும் லயத்தையும் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்பது வயது வரை சூழலைப் பொறுத்து வளரும், பிறகு பெரிதாக மாறாது என்பது அமெரிக்க இசைக்கல்வி ஆய்வாளர் எட்வின் கோர்டனின் முடிவு. அதற்குப் பிறகு கற்கவே முடியாது என்று பொருளில்லை. ஆனால் எளிதாக வரும் காலம் இதுதான். ஹங்கேரிய இசையமைப்பாளர் சோல்தான் கோடாயும் தொடக்கப்பள்ளியிலேயே, அதுவும் வாத்தியத்துக்கு முன்பே, வாய்ப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று வாதாடினார். நம் மரபும் வாய்ப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. வீணை கற்பவரும் வயலின் கற்பவரும் சுரங்களை முதலில் வாயால் பாடிப் பழகுகிறார்கள். மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 1983இலேயே இசை ஒரு பாடமாக வந்துவிட்டது. வாரத்துக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. அந்த அரை மணியும் பறிபோனால் பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது.

தமிழ்ப்பள்ளிகளில் இசை பயின்ற ஆசிரியர்கள் குறைவு என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தொடக்க வகுப்புக்குக் கச்சேரி வித்துவான் தேவையில்லை. சுருதிப்பெட்டியோ கைப்பேசியில் தம்பூரா ஒலியோ போதும். பிள்ளைகளின் குரலுக்கு ஏற்ற சுருதியை வைத்துக்கொண்டு, தாளம் தட்டி ஒரு பாட்டைச் சேர்ந்து பாடவைக்க, ஆர்வமுள்ள எந்த ஆசிரியராலும் முடியும். என் பிள்ளைக்குக் குரல் வளமில்லை என்பவர்களும் உண்டு. எட்டு வயதில் சுருதி சேராமல் பாடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பயிற்சிதான் போதவில்லை. அவனைப் பின்வரிசையில் வாயசைக்க வைத்தால் அந்தப் பயிற்சியும் கிடைக்காமல் போகும். செலவைப் பற்றிக் கவலைப்படும் உங்கள் கணவருக்கும் வழி இருக்கிறது. கோயில்களில் நடக்கும் தேவார வகுப்புகளுக்குப் பெரிய செலவில்லை. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்காகப் பிள்ளைகள் பண்ணோடு பாடப் பயிலுகிறார்கள். முறையாகக் கற்க வேண்டுமென்றால், 1981இல் தொடங்கிய நுண்கலைக் கோயில், டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது.

சுபாங் ஜெயாவில் கீபோர்டு, பியானோ வகுப்புகளுக்குக் குறைவில்லை. அவற்றை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கிரேடு தேர்வுக்காக மட்டும் சேர்க்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஆண்டு முழுவதும் மூன்று உருப்படிகளையே திரும்பத் திரும்ப வாசித்துச் சான்றிதழ் வாங்கிய பிள்ளை, கேட்ட ஒரு பாட்டைத் தானாக வாசிக்கத் தெரியாமல் நின்றால் அந்தக் கல்வி பாதிக்கிணறுதான் தாண்டியிருக்கிறது. தேர்வு இருந்தால்தான் பிள்ளை ஒழுங்காகப் பயிற்சி செய்வான் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் முதல் இரண்டு ஆண்டுகள் பாட்டும் தாளமும், விருப்பம் ஊன்றிய பிறகு வாத்தியமும் தேர்வும் என்று வரிசைப்படுத்தச் சொல்கிறேன்.

உடனடியாக நீங்கள் செய்ய வேண்டியது கீபோர்டு வாங்குவது அல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, இசைக்கல்வி நேரம் இசைக்கே வேண்டும் என்று கேளுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் ரத்தாகிவிட்டது. இசை நேரத்தைத் தேர்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதற்குச் சொல்லிவந்த அந்தப் பெரிய சாக்கு இப்போது இல்லை. நீங்கள் ஒருவர் கேட்டால் மற்றப் பெற்றோரும் கேட்பார்கள். உங்கள் மகன் ஒருவனுக்கு மட்டும் அல்ல, டியூஷனுக்கோ கீபோர்டு வகுப்புக்கோ போக வசதியில்லாத அவனுடைய வகுப்புத் தோழர்களுக்கும் இசை கிடைக்கும் இடம் அந்த வகுப்பறை ஒன்றுதான்.