புது டிவி மங்கலாகத் தெரிவது ஏன்?

கேள்வி: நாங்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் வசிக்கிறோம். பழைய டியூப் டிவி பழுதாகிவிட்டதால் பொங்கலுக்கு 43 இன்ச் 4கே எல்இடி டிவி வாங்கினோம். கடையில் பார்த்தபோது படம் பளிங்கு மாதிரி இருந்தது. வீட்டில் மாட்டிக் கேபிள் இணைப்பைக் கொடுத்ததும் எல்லாமே மங்கல். முகங்கள் அகலமாகத் தெரிகின்றன. கிரிக்கெட்டில் பந்து ஓடினால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இதே கேபிளில் பழைய டிவி தெளிவாகத்தான் தெரிந்தது. மாட்ட வந்தவர் 'டிவியில் ஒரு குறையும் இல்லை' என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். குறையுள்ள டிவியை எங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: டிவியைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். மாட்ட வந்தவர் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளும் டிவியின் குறைகளாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக அது நல்ல டிவிதான் என்று சொல்லவும் இதுவரை சான்று இல்லை. கேபிள் படத்தை வைத்து 4கே டிவியைச் சோதிக்கவே முடியாது. கலங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டு டம்ளர் அழுக்கா, தண்ணீர் அழுக்கா என்று யோசிப்பது போலத்தான் அது. தெளிவானது என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரிந்த ஒரு படத்தை டிவிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் தீர்ப்பு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஹெச்டி அல்லாத சாதாரண செட்டாப் பாக்ஸ் அனுப்பும் படத்தில் குறுக்கே அதிகபட்சம் 720 புள்ளிகள், மேலிருந்து கீழே 576 வரிகள். மொத்தம் 4,14,720 புள்ளிகள். உங்கள் திரையில் இருப்பவை 3840-க்கு 2160, அதாவது 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக 20 மடங்கு வரும். கேபிளில் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி இருபது புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். ஒன்று கேபிள் கொடுத்தது, மீதி 19 டிவி தானாக ஊகித்துப் போட்டது. இந்த 576 வரி, 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்து அளவு. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்து வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தபோது, திரையில் பூச்சி பறப்பது நின்றது. சாதாரண பாக்ஸில் வரும் படத்தின் அளவு மட்டும் மாறவில்லை. போதாததற்கு, ஒரே அலைவரிசையில் பல சேனல்களை அடைத்து அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்குகிறார்கள். செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. பந்து ஓடும்போது ஒவ்வொரு கணமும் படம் முழுக்க மாறுவதால் சுருக்கிய தகவல் போதாமல் கட்டங்கள் தெரிகின்றன. ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள்: செய்தி வாசிப்பவரின் முகமும் உடைந்து, குரலும் விட்டுவிட்டு வந்தால் அது சுருக்கத்தால் வருவதல்ல. கேபிள் முனை தளர்ந்திருக்கும், அல்லது சிக்னல் பலம் குறைந்திருக்கும். கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

'அதே கேபிளில் பழைய டிவி தெளிவாக இருந்ததே' என்கிறீர்கள். இதுதான் உங்கள் கடிதத்தில் வலுவான வாதம், ஒதுக்கிவிட முடியாது. 2006-ல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரையின் பரப்பைப்போல 43 இன்ச் திரையின் பரப்பு எட்டு மடங்குக்கும் அதிகம். அதே நாலு லட்சம் புள்ளிகளை எட்டு மடங்கு இடத்தில் பரப்பினால், கைப்பிடி மாவில் கல் நிறைய தோசை வார்த்த கதைதான். இன்னொன்றும் உண்டு. டியூபில் மின்கதிர் வரிவரியாக ஓடிப் படத்தை வரைந்தது. வரியின் ஓரம் பக்கத்து வரியோடு லேசாகக் கலந்துவிடும், குறை மறைந்துவிடும். எல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் கட்டம். அது குறையை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். பழைய டிவி தெளிவாக இருந்தது என்பதைவிட, கேபிளின் குறையை மூடிவைத்திருந்தது என்பதே சரி.

முகம் அகலமாவது இதைவிடச் சின்ன விஷயம். பழைய படத்தின் அகலம், உயரம் 4-க்கு 3. புதுத் திரை 16-க்கு 9. முன்னதை இழுத்துப் பின்னதில் நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். திரையில் வட்டமான ஏதாவது ஒன்று, சேனலின் வட்ட முத்திரையோ சுவர்க் கடிகாரமோ, வரும்போது ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். உயரம் 6 சென்டிமீட்டர், அகலம் 8 என்று வந்தால் படம் இழுக்கப்படுகிறது என்று பொருள். டிவி மெனுவிலோ பாக்ஸ் மெனுவிலோ பட அளவை 4:3 என்று மாற்றினால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும், முகம் முகமாக இருக்கும். பட்டை உறுத்துகிறது என்று பலர் திரும்பவும் இழுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு பட்டைகளைப் பொறுத்துக்கொள்வது, எல்லாருடைய முகத்தையும் கெடுத்துப் பார்ப்பதைவிட மேல்.

இனி உண்மையான சோதனை. அதற்கு எந்த நிபுணரும் வேண்டாம். 4கே வீடியோ எடுக்கும் போன் வீட்டில் யாரிடமாவது இருக்கும். நல்ல வெயிலில் போனைச் சுவரிலோ ஸ்டூலிலோ அசையாமல் சாய்த்து, அரை நிமிடம் எடுங்கள். வாணியாறு அணைப் பக்கம் போனால் தண்ணீர் அலையும் பின்னால் சேர்வராயன் மலையும் கிடைக்கும். இல்லாவிட்டால் வாசலில் உலர்த்திய புளி, ஜரிகைச் சேலை, விரித்த செய்தித்தாள் போதும். அதைப் பென் டிரைவில் ஏற்றி டிவியின் யுஎஸ்பி துளையில் செருகி ஓட்டுங்கள். ஜரிகை இழை இழையாக, பொடி எழுத்து படிக்கும்படியாகத் தெரிந்தால் திரை தன் வேலையைச் செய்கிறது. பிறகு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரை ஒற்றை நிறப் படங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். வெள்ளையில் கறுப்பாகவே நிற்கும் புள்ளி செத்த புள்ளி. கறுப்பில் சிவப்பாகவோ பச்சையாகவோ மின்னுவது மாட்டிக்கொண்ட புள்ளி. கறுப்புத் திரையில் ஓரங்களில் லேசாக வெளிச்சம் கசிவது எல்இடி டிவிகளில் சகஜம், ஏனென்றால் எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் இருட்டான சினிமாக் காட்சியிலேயே கண்ணில் குத்துகிற வெண்திட்டு இருந்தால் அது குறைதான். எல்லா ஹெச்டிஎம்ஐ துளைகளிலும் செட்டாப் பாக்ஸை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். முதல் ஒரு வாரம் தினமும் சில மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். மின்னணுப் பாகங்களில் குறை இருந்தால் பெரும்பாலும் ஆரம்ப நாட்களிலேயே தலைகாட்டிவிடும்.

'கடையில் இதே டிவி எப்படிப் பளபளத்தது?' என்று கேட்பீர்கள். கடையில் ஓடியது டிவியைக் காட்டுவதற்கென்றே எடுத்த 4கே வீடியோ. போதாததற்கு, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுபட வேண்டும் என்று 'ஸ்டோர்' அல்லது 'டெமோ' நிலையில் வைத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்துக்கு ஏற்றியிருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அந்த நிலை மாறாமல் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். 'ஹோம்' என்று மாற்றினால் கண்ணுக்கும் கரண்ட் பில்லுக்கும் நல்லது. 'ஷார்ப்னஸ்' கூட்டினால் தெளிவு வரும் என்று நினைப்பதும் தவறு. அது விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுமே தவிர, இல்லாத புள்ளியை வரவழைக்காது.

அப்படியானால் 4கே-க்குக் கொடுத்த பணம் வீணா? நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், சாதாரண கேபிள் மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு 32 இன்ச்சே போதும். சராசரிக் கண்ணின் கூர்மையை வைத்துக் கணக்குப் போட்டால், 43 இன்ச்சில் 576 வரிப் படத்தின் வரிகள் ஒன்றோடொன்று கலந்து சீராகத் தெரிய ஏறக்குறைய பத்தரை அடி தள்ளி உட்கார வேண்டும். முழு ஹெச்டிக்கு ஐந்தரை அடி போதும். 4கே-யின் முழு நுணுக்கமும் தெரிய மூன்று அடிக்குள் போக வேண்டும், அப்படி யாரும் வீட்டில் உட்காருவதில்லை. ஆகவே உங்களுக்கு உடனடித் தேவை ஹெச்டி பாக்ஸும் ஹெச்டி சேனல்களும். அதையும் ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனை கொண்ட பழைய ஏவி ஒயரில் ஹெச்டி படம் வரவே வராது. ஹெச்டிக்கு மாதா மாதம் பணம் கட்டிவிட்டு மஞ்சள் ஒயரில் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பணம்தான் வீண். இணையத்தில் பார்ப்பதாக இருந்தால், முழு ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு.

டிவிக்குள் சிக்னலோடு மின்சாரமும் வருகிறது. டிவியின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் குறைந்த மின்னழுத்தத்துக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆபத்து கோடை மழை இடியில்தான். அது மின்கம்பியில் மட்டுமல்லாமல் கேபிள் ஒயர் வழியாகவும் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து ஹெச்டிஎம்ஐ துளைக்குப் போகும். சுவிட்சை அணைத்தால் போதாது. வானம் இருட்டும்போதே பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

பென் டிரைவ் சோதனையில் டிவி தோற்றால் தயங்காதீர்கள். குறையைப் போனில் படம் எடுத்து, ரசீது எண், டிவியின் சீரியல் எண்ணோடு எழுத்தில் புகார் கொடுங்கள். செத்த புள்ளி எத்தனை இருந்தால் திரை மாற்றுவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உத்தரவாத அட்டையில் பாருங்கள். மாட்டியவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் உற்பத்திக் குறையைக் கேட்கும் உரிமை போய்விடாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி சேலத்தில் வாங்கியிருந்தாலும் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. எல்லாச் சோதனையும் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.