ஃபேக்டர் போட்டும் வீக்கம் வடியவில்லையா?

"முன்னெல்லாம் ஒரு ஊசி போட்டா முட்டி வீக்கம் அடங்கிடும். இப்போ மூணு போட்டும் அப்படியே இருக்கு." ஹீமோஃபிலியா உள்ள பையனின் அம்மா இப்படிச் சொன்னால், அடுத்த குப்பியை உடைப்பதோடு நிற்காமல் இன்ஹிபிட்டர் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்ப வேண்டும்.

ரத்தம் உறைய ஏற்றும் ஃபேக்டரையே எதிரியாக எண்ணி உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்தான் இன்ஹிபிட்டர். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் சுமார் 25-30 சதவீதம் பேருக்கு இது வருகிறது; பெரும்பாலும் ஃபேக்டர் ஏற்றும் முதல் 50 நாட்களுக்குள். பெற்றோர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை.

இதை பெத்தஸ்டா அலகில் அளப்பார்கள். 5-க்கு மேல் போனால் ஹீமோஃபிலியா ஏ-க்கு ஏற்றும் ஃபேக்டர் 8 ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். அப்போது ஃபேக்டர் 8 இல்லாமலே ரத்தத்தை உறைய வைக்கும் பைபாஸ் மருந்துகள் வேண்டும். நோவோசெவன் 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஃபீபா 8-12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு பிள்ளைக்கு ஒன்று கேட்கும், இன்னொன்று கேட்காது. எது கேட்டது என்பதை டைரியில் எழுதி வையுங்கள்.

எமிசிசுமாப் ஊசி போடும் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. அது ரத்தக்கசிவு வராமல் தடுக்கும். வந்துவிட்ட கசிவை நிறுத்தாது. அதோடு ஃபீபாவை ஒரு நாளுக்கு மேல், கிலோவுக்கு தினம் 100 யூனிட்டைத் தாண்டிக் கொடுத்தபோது சிறு ரத்தக்குழாய்களில் உறைவு ஏற்பட்டதுண்டு. அதனால் இவர்களுக்கு நோவோசெவனே முதல் தேர்வு. இன்னொரு சிக்கல்: இந்த ஊசி மருந்து உடலில் இருக்கும்போது ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஏபிடிடி சோதனை நார்மல் என்றே காட்டும். நள்ளிரவு கேசுவாலிட்டியில் அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடக்கூடும். கடைசி ஊசி போட்டு மாதக் கணக்கானாலும் அந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டால் முதலில் மருந்து, பிறகுதான் ஸ்கேன். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் கூடாது, தசையில் ஊசியும் வேண்டாம். வாய்க்கசிவுக்கு டிரானெக்சமிக் அமிலம் நன்றாகவே உதவும். ஆனால் ஃபீபா ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஹீமோஃபிலியா பி பிள்ளைகள் கதையே வேறு. அவர்களுக்கு இன்ஹிபிட்டர் வந்தால் ஃபேக்டர் 9-க்கே மூச்சுத்திணறும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம். ஃபீபாவிலும் ஃபேக்டர் 9 இருப்பதால் அதுவும் இவர்களுக்கு ஆபத்தாகலாம்.

திருவிழாவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது உங்கள் டாக்டர் கொடுத்த சிகிச்சைச் சீட்டு பையனின் சட்டைப்பையில் இருக்கட்டும். அந்த ஊருக்கு அருகில் எந்த மருத்துவமனையில் பைபாஸ் மருந்து கையிருப்பில் இருக்கிறது என்று முன்பே போன் போட்டுக் கேட்டு, அதன் எண்ணையும் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள்.